28 சக்கரமும் 16 அணாவும்

(அஞ்சுகிராமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைப்பை அறிவித்ததும் முன்வரிசையில் ஓர் அண்ணாச்சி பக்கத்தில் இருந்தவரிடம், "கம்ப்யூட்டர் பேச்சா? அப்ப நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்றார். மைக் ஆனில் இருந்தது, அவருக்குத் தெரியவில்லை. (சிரிப்பு) பத்து நிமிஷம் இருங்கள் அண்ணாச்சி. முதலில் துட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இந்த மேடையை விட்டு இறங்கிக் கிழக்கே செட்டிகுளம், கூடங்குளம் போகிற பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் மாவட்டம் மாறிவிடும். இன்றைக்கு அதில் ஒன்றுமில்லை. ஒரு பெயர்ப்பலகைதான். 1956 நவம்பர் 1ஆம் தேதிக்கு முன்னால் அப்படியில்லை. அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமை, இந்தப் பக்கம் திருவிதாங்கூர். இரண்டு பக்கமும் தமிழ்தான் பேசினோம், ஒரே நெல்லைத்தான் அவித்தோம், பெண் கொடுத்துப் பெண் எடுத்தோம். ஆனால் பழைய திருவிதாங்கூர்க் கணக்கில் ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். எல்லை தாண்டினால் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. இரண்டு ரூபாயும் சமம்கூட இல்லை. பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரம் 8 காசு கொடுக்க வேண்டும். அந்த அரைச் சக்கரத்தைக் கணக்கில் விட்ட கருப்பட்டி வியாபாரி சாயங்காலம் வீட்டுக்கு நஷ்டத்தோடு வருவான்.

அன்றைக்கு மனு எழுதுவதும் அப்படித்தான். இந்தப் பக்கம் பார்வத்தியக்காரருக்கு எழுத வேண்டும். அந்தப் பக்கம் கிராம முன்சீப்புக்கும் கர்ணத்துக்கும். உங்கள் நியாயம் மலை போல இருக்கலாம். பார்வத்தியக்காரர் என்று விலாசமிட்ட மனுவை முன்சீப் கையில் வாங்கவே மாட்டார். மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தே பார்க்கமாட்டார்.

ஒரு கணினியில் ஓடுகிற மென்பொருள் இன்னொரு கணினியில் ஏன் ஓட மறுக்கிறது என்று பிள்ளைகள் கேட்கும்போது நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். விண்டோஸ் ஒரு சீமை, ஆப்பிளின் மேக் ஒரு சீமை, லினக்ஸ் ஒரு சீமை. சில காலம் உள்ளே இருந்த இன்டெல் சில்லுகூட மூன்றிலும் ஒன்றாகவே இருந்தது. மண் ஒன்றுதான், சர்க்கார் வேறு. மென்பொருள் தானாக எதையும் செய்வதில்லை. கோப்பைத் திற, திரையில் ஒரு பெட்டி வரை, இந்த எழுத்தை அச்சுக்கு அனுப்பு என்று எல்லாவற்றுக்கும் இயங்குதளத்திடம், அதாவது அந்தச் சீமையின் சர்க்காரிடம், மனுப் போடுகிறது. அந்த மனுவின் வாசகம் ஒவ்வொரு சீமைக்கும் வேறு. தலைப்பே வேறு. விண்டோஸ் மென்பொருள் கோப்பு எதையும் திறந்து பார்த்தால் முதல் இரண்டு எழுத்து எம், இசட் என்று இருக்கும். மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்ற மைக்ரோசாப்ட் பொறியாளர், விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்தில் வைத்துவிட்டுப் போன தன் பெயரின் முதலெழுத்துகள் அவை. இன்றைக்கும் ஒவ்வொரு விண்டோஸ் மென்பொருளும் அவர் கையெழுத்தோடுதான் வருகிறது. லினக்ஸ் மென்பொருளில் ஈ, எல், எஃப் என்ற மூன்று எழுத்து இருக்கும். லினக்ஸ் அந்த எம், இசட்டைப் பார்த்ததும் 'இது நம்ம ஆபீஸ் மனு இல்லையே' என்று திருப்பிக் கொடுத்துவிடும்.

இது பெரிய வித்தியாசம், கண்ணுக்குத் தெரியும். ஆளைக் கொல்வது சின்ன வித்தியாசங்கள்தான்.

ஒரு வரி முடிந்தது என்று கணினிக்கு எப்படிச் சொல்வது? பழைய தந்தி எந்திரத்தில் வரி முடிந்தால் இரண்டு வேலை நடக்க வேண்டும். அச்சுத்தலை இடது ஓரத்துக்கு ஓட வேண்டும், தாள் ஒரு வரி மேலே ஏற வேண்டும். முதல் வேலைக்கு எண் 13, இரண்டாவதற்கு எண் 10. விண்டோஸ் இரண்டையும் போடுகிறது. லினக்ஸ் 10 மட்டும் போடுகிறது. பழைய மேக் 13 மட்டும் போட்டது. தாளும் இல்லை, அச்சுத்தலையும் இல்லை, தந்தி ஆபீசையே மூடிவிட்டார்கள், சண்டை மட்டும் மிச்சம். லினக்ஸில் எழுதிய கட்டுரையை விண்டோஸ் நோட்பேடில் திறந்தால் முன்பெல்லாம் எல்லா வரியும் ஒட்டிக்கொண்டு ஒரே நீள வாலாக நிற்கும். இதை நோட்பேடில் சரிசெய்தது எப்போது தெரியுமா? 2018இல்.

அடைவின் பெயருக்கும் கோப்பின் பெயருக்கும் நடுவே போடுகிற சாய்கோடு ஒருவருக்கு வலப்பக்கம் சாயும், மற்றவருக்கு இடப்பக்கம். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் லினக்ஸுக்கு வேறு வேறு ஆள், விண்டோஸுக்கு ஒரே ஆள். விண்டோஸில் நன்றாக ஓடிய வலைத்தளத்தை லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் படங்கள் எல்லாம் காணாமல் போகும். ஏதோ ஒரு இடத்தில் ஒரே ஓர் எழுத்து பெரிதாக இருந்திருக்கும். நான் ஒரு முழு ராத்திரி இதற்காக முழித்திருக்கிறேன், காலையில் கண்டுபிடித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது தேதிச் சண்டை. நம் வீட்டுப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். கி.பி. 825இல் தொடங்கும் கணக்கு. நவம்பர் 1, 1956 என்பது அந்தக் கணக்கில் கொல்லம் 1132 ஐப்பசி. கணினியிலும் இதே கதைதான்: எக்செல் என்ற கணக்கு மென்பொருள் தேதியை ஓர் எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும், ஒரு நாளிலிருந்து எத்தனையாவது நாள் என்று. விண்டோஸ் எக்செல் 1900இலிருந்து எண்ணியது, மேக் எக்செல் பல காலம் 1904இலிருந்து எண்ணியது. அங்கே போட்ட தேதியை வெட்டி இங்கே ஒட்டினால் 1,462 நாள் தள்ளிப்போகும். நாலு வருஷம், ஒரு நாள். கல்யாணத் தேதி வைக்கிற வீட்டில் இப்படி நடந்தால் என்னவாகும்! ஒரே கம்பெனி செய்த ஒரே பெயருள்ள மென்பொருள்தான், இரண்டு ஆண்டுக்கணக்கு.

சரி, அண்ணாச்சி இன்னும் இருக்கிறார். இனி நம் சங்கதிக்கு வருகிறேன்.

இதுவரை சொன்னது உலகத்துக்கெல்லாம் பொது. ஆங்கிலேயனுக்கு மென்பொருள் எல்லை தாண்டாவிட்டாலும் அவன் எழுதிய எழுத்து தாண்டிவிடும். ஏ என்ற எழுத்துக்கு எண் 65 என்று 1960களிலேயே முடிவாகிவிட்டது, நாம் இன்று புழங்குகிற மூன்று சீமையிலும் அதுதான். நமக்கு எழுத்தே தாண்டவில்லை. 1990களில் தமிழில் தட்டச்சு செய்தவர்கள் இந்த அரங்கில் இருந்தால் அவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு எழுத்துருவும் ஒரு தனிச் சமஸ்தானம். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். அம்மாவைத் தேட வேண்டுமென்றால் எம்கேயைத் தேட வேண்டும். கணினிக்குள் தமிழே கிடையாது, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி மாட்டியிருந்தோம். முகமூடி வீட்டில் மறந்துவிட்டால் உள்ளே இருக்கிற ஆள் தெரிந்துவிடுவார்.

இந்த நிலையை மாற்ற முதலில் முயன்றவர்கள் அரசாங்கமோ பெரிய கம்பெனியோ அல்ல. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை என்றொரு எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். மேக்கிலும் வேலை செய்தது, விண்டோஸிலும் வேலை செய்தது. ஒரே கோப்பு இரண்டு சீமையில் படிக்கக் கிடைத்தது அன்றைக்குச் சாதாரணக் காரியமல்ல. 1998 பொங்கலில் அவர் தொடங்கியதுதான் மதுரைத் திட்டம், பழைய தமிழ் நூல்களை மின்னெழுத்தில் ஏற்றுகிற தன்னார்வ வேலை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலிருந்தே முரசு மென்பொருளைச் செய்துவந்தார். இவர்களும் இன்னும் பலரும் இணையத்தில் கூடிப் பேசி டிஸ்கி என்ற பொதுக் குறியாக்கத்தை, எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்த எண் என்ற அட்டவணையை, உண்டாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி அரசு தரப்பில் டாம், டாப் என்று வேறு இரண்டு குறியாக்கங்கள் வந்தன. மாநாடு கூட்டியதே ஒன்றாக்கத்தான், எண்ணிக்கை கூடியதுதான் மிச்சம். ஆனாலும் அந்த மாநாட்டில் பிறந்த தமிழ் 99 விசைப்பலகையை இன்றும் மூன்று சீமையிலும் அடிக்கலாம், அந்த நன்றியை மறக்கக் கூடாது.

இப்போது டிஸ்கியில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு வில்லுப்பாட்டுக்காரர், எனக்குப் பாட்டா முறை. கோயில் கொடைகளில் இசக்கியம்மன் கதை பாடுவார். அவள் கோயில் இருக்கிற முப்பந்தல் இங்கிருந்து எத்தனை மைல்? அந்தக் கதையை இவர் பாடக் கேட்டு நான் சின்ன வயதில் அம்மா மடியில் முகத்தைப் புதைத்திருக்கிறேன். 2000ஆம் ஆண்டில் அவருடைய மகன், வளைகுடாவில் வேலை பார்த்தவர், விடுமுறைக்கு வந்தபோது அப்பாவின் கதையைச் சொல்லச் சொல்லக் கேட்டு டிஸ்கியில் தட்டச்சு செய்து ஒரு ஃபிளாப்பியில் வைத்தார். பிறகு அது எத்தனையோ கணினி மாறி, யாரோ ஒருவர் வலைப்பக்கமாக மாற்றி, அங்கிருந்து வெட்டி ஒட்டி, கடைசியில் அச்செடுத்த தாளாகப் பாட்டா கைக்கு வந்தது. பாட்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியை வாசித்தார். முகம் கறுத்துவிட்டது.

"என்ன மக்கா இது? இசக்கிக்க தலைய வெட்டிட்டியளே!"

வாங்கிப் பார்த்தேன். தாள் முழுக்க 'சக்கி' என்று இருக்கிறது. 'சக்கி வந்தாள்.' 'சக்கி சிரித்தாள்.' கொஞ்சம் உற்றுப் பார்த்தால் 'இல்லை' எல்லாம் 'ல்லை' ஆகியிருக்கிறது. 'இரவு' எல்லாம் 'ரவு'. 'இவள்' எல்லாம் 'வள்'. மற்ற எழுத்துகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. 'இ' மட்டும் காணோம்.

பாட்டாவுக்கு இது தட்டச்சுப் பிழை என்று நான் சொன்னது ஏறவில்லை. கதை பாடும்போது பிழை விட்டால் பரிகாரம் உண்டு, எழுத்தில் விட்டால் என்ன செய்வது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. காரணம் மட்டும் இருந்தது. டிஸ்கியில் 'இ' எழுத்துக்கு 173 என்ற எண்ணைக் கொடுத்திருந்தார்கள். அ 171, ஆ 172, இ 173, வரிசையாகத்தான் வைத்தார்கள், அவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் ஐரோப்பிய மொழிகளுக்கான பொது அட்டவணையில் 173 என்பது 'மென்கோடு'. வரி ஓரத்தில் சொல்லை உடைக்க வேண்டி வந்தால் மட்டும் தலைகாட்டும், மற்ற நேரம் கண்ணுக்குத் தெரியாத குறி. சில மென்பொருள்கள் எழுத்துருவைப் பார்த்து 'இ' என்று காட்டின. சில, குறிப்பாக வலை உலாவிகள், 'இது மென்கோடு, காட்டத் தேவையில்லை' என்று மறைத்துவிட்டன. ஒரு கணினியில் இசக்கி, இன்னொரு கணினியில் சக்கி. டிஸ்கிக்காரர்களுக்கும் இது தெரிந்துதான் பிறகு அதே 'இ'க்கு 254 என்று இன்னோர் இடமும் ஒதுக்கினார்கள். எங்கள் பாட்டாவின் கோப்பு அதற்கு முந்திய பழக்கத்தில் அடித்தது.

இதன் முடிவைக் கடைசியில் சொல்கிறேன். இல்லையென்றால் அண்ணாச்சி இப்போதே டீக்குப் போய்விடுவார்.

அப்புறம் யூனிகோடு வந்தது, உலக மொழிகளுக்கெல்லாம் ஒரே அட்டவணை. சரியாகச் சொன்னால், 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது, இந்திய அரசின் 1988 இஸ்கி அட்டவணையை ஒட்டி. நமக்குக் கைக்கு எட்டப் பத்தாண்டாயிற்று. விண்டோஸ் 2000இல்தான் லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் உள்ளேயே வந்தது. மேக்கில் முத்து நெடுமாறன் செய்த இணைமதியும், லினக்ஸில் லோகித்தும் வந்தன. இன்றைக்கு இங்கிருந்து அனுப்புகிற வாட்ஸப் செய்தி டொரன்டோவில் தமிழாகவே போய்ச் சேருகிறதென்றால் காரணம் அதுதான். 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டு நேரத்தில் தமிழக அரசு யூனிகோடோடு டேஸ் 16 என்ற குறியாக்கத்தையும் ஏற்றது. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் கொடுக்கிற அட்டவணை. தமிழின் இயல்புக்கு அது நெருக்கம் என்று சொல்பவர்களின் வாதம் எனக்குப் புரிகிறது, பாதி ஒப்புக்கொள்ளவும் செய்கிறேன். ஆனால் அது குடியிருப்பது யூனிகோடு அட்டவணையில் யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிற புறம்போக்கில். அதற்கென்று எழுத்துரு வைத்திருக்கிறவன் மட்டும் வாசிக்கலாம். நல்ல வெள்ளிச் சக்கரம்தான், அடுத்த சீமையில் வாங்கமாட்டார்கள்.

யூனிகோடு வந்ததும் சண்டை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். இங்கே பக்கத்து ஊர் கொட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 'க'வோடு ஒகரக் குறி என்ற ஒரே எண்ணைச் சேர்க்கலாம். அல்லது 'க'வோடு ஒற்றைக்கொம்பு, பிறகு கால் என்று இரண்டு எண்ணாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 2017 வரை மேக் கணினிகளில் இருந்த பழைய கோப்பு முறை எந்தப் பெயரைக் கொடுத்தாலும் அதைப் பிரித்து, கொம்பும் காலுமாக்கித்தான் வைத்துக்கொள்ளும். லினக்ஸ் நீங்கள் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆகவே மேக்கிலிருந்து வந்த 'கொட்டாரம்' என்ற கோப்பும், லினக்ஸிலேயே உண்டாக்கிய 'கொட்டாரம்' என்ற கோப்பும் ஒரே அடைவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றைத் தேடினால் மற்றது வராது. ஒன்றை அழித்தால் மற்றது இருக்கும். தோவாளைக்கும் இதே கதிதான். நாகர்கோவிலிலும் ஒரு 'கோ' இருக்கிறதே, அதுவும் தப்பாது. நம் மாவட்டத்தில் ஊர்ப் பெயர் வைத்தவர்கள் கணினிக்காரர்களைச் சோதிக்கவே வைத்தார்களோ என்னவோ.

எல்லையைத் தாண்ட மனிதர்கள் என்னென்ன வழி பார்த்தார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன்.

ஒரு வழி, துபாஷி. லினக்ஸில் விண்டோஸ் மென்பொருளை ஓட்டுகிற வைன் என்ற மென்பொருள் அந்த வகை. விண்டோஸ் மனுவை வாங்கி, வாசகத்தை மாற்றி, லினக்ஸ் ஆபீசில் கொடுத்து, பதிலை வாங்கித் திரும்ப விண்டோஸ் பாஷையில் சொல்லும். 1993இல் தொடங்கினார்கள். 1.0 என்ற முதல் முழுப் பதிப்பு 2008 ஜூனில் வந்தது. 15 வருஷம்! ஏன் இத்தனை காலம் என்றால், துபாஷி மொழியை மட்டும் பெயர்த்தால் போதாது, அந்த ஆபீசின் கெட்ட பழக்கங்களையும் நடித்துக் காட்ட வேண்டும். விண்டோஸில் உள்ள பிழைகளை நம்பியே ஓடுகிற மென்பொருள்கள் இருக்கின்றன. பிழையைச் சரியாகச் செய்யாவிட்டால் அவை படுத்துவிடும். ஒரு வேலையைத் தப்பாகச் செய்வதை இவ்வளவு கவனமாகக் கற்றுக்கொண்டவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்னொரு வழி, எல்லாச் சீமையிலும் ஒரே மாதிரிப் பந்தல் போடுவது. சன் நிறுவனம் 1995இல் ஜாவா என்ற நிரல்மொழியைக் கொண்டுவந்தபோது 'ஒருதடவை எழுது, எங்கும் ஓட்டு' என்றார்கள். கொஞ்ச நாளில் தொழில்காரர்கள் அதை 'ஒருதடவை எழுது, ஊர் ஊராய்ப் போய்ப் பழுது பார்' என்று மாற்றிச் சொன்னார்கள். கிண்டல் இருக்கட்டும், பலன் இருந்தது. வருமானவரிக் கணக்கைக் கணினியில் நிரப்ப ஒரு காலத்தில் அரசு இரண்டு விதமாகக் கொடுத்தது. எக்செல் ஒன்று, ஜாவா ஒன்று. எக்செல்லில் ஓடும் மேக்ரோ, லினக்ஸில் இருக்கிற லிப்ரே ஆபீசில் பெரும்பாலும் வேலை செய்யாது. லினக்ஸ் வைத்திருந்த என்னைப் போன்றவர்கள் வரி கட்டியது ஜாவா புண்ணியத்தில். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய கம்பெனியும் ஜாவாவை நம்பித்தான் நெட்வொர்க் மேலாண்மைக் கருவிகளைச் செய்தது. பிறகு 2005இல் உலாவிக்குள்ளேயே ஓடும் எழுது கருவியைக் கொண்டுவந்தது. அதுதான் சோஹோ, இங்கிருந்து வடக்கே தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கிறதே, அதே சோஹோ. அவர்கள் கண்டுகொண்டது இதுதான்: எல்லாச் சீமையிலும் உலாவி இருக்கிறது, உலாவிக்குள் கடை போட்டால் எந்தச் சுங்கச்சாவடியும் இல்லை.

அந்த வழிதான் இப்போது எல்லாரும் போகிற வழி. கணினியில் தனியாக நிறுவுகிற மென்பொருள்களில்கூடப் பல, உள்ளே ஒரு முழு உலாவியைச் சுமந்துகொண்டு வருகின்றன. எலக்ட்ரான் என்பார்கள், 2013இல் கிட்ஹப்பில் பிறந்த சட்டகம். கொடைக்கு வருகிற ஒவ்வொரு வீட்டாரும் ஆளுக்கொரு அடுப்பு, விறகு, தண்ணீர்க்குடம் எல்லாம் கொண்டுவந்தால் கோயில் மைதானம் என்னவாகும்? அதுதான் நம் கணினியின் நினைவகத்துக்கு நடக்கிறது. நாலு மென்பொருள் திறந்தால் விசிறி மாட்டுவண்டி மாதிரிக் கத்துகிறது. எனக்கு இதில் பெரிய பிரியம் இல்லை. ஆனால் குறை சொன்னால் மூன்று சீமைக்கும் மூன்று தடவை எழுத ஆளும் காசும் நீ தருவாயா என்று கேட்பார்கள். தரமாட்டேன்.

சர்க்கார் பக்கமும் முயற்சி நடந்தது. 2000களின் நடுவில் சி. உமாசங்கர் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனத்தை லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் திருப்பினார். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் பாஸ் என்ற பெயரில் இந்திய மொழிகளோடு லினக்ஸ் ஒன்றை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்த கணினியில் விண்டோஸும் பாஸும் இரண்டும் இருந்தன. திறக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்தியபோது, துறைகள் பாஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு சொன்னது.

நான் பார்த்த பிள்ளைகள் யாரும் மடிக்கணினி கேட்ட அந்தக் கேள்விக்கு பாஸ் என்று பதில் சொல்லவில்லை. ஏன் என்று ஒரு பையனிடம் கேட்டேன். "அதுல போனா யார்ட்ட சந்தேகம் கேக்க சார்?" என்றான். அவன் சொன்னது ஒரு நிபுணர் குழு அறிக்கைக்குச் சமம். கணினியைப் பழுது பார்க்கிற கடைக்காரருக்கு விண்டோஸ் தெரியும், அண்ணனுக்கு விண்டோஸ் தெரியும், பாடப்புத்தகப் படத்தில் விண்டோஸ் இருக்கும். களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குள் போய்ப் பாருங்கள். கேரளத்தில் பள்ளிகளுக்கான ஐடி அட் ஸ்கூல் திட்டம் லினக்ஸுக்கு மாறியபோது பாடப்புத்தகம், ஆசிரியர் பயிற்சி, பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினார்கள். அங்கே பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறது. நம் பக்கம் பெட்டியை மாற்றினோம், அங்கே பேச்சை மாற்றினார்கள். 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது, தப்பாக நினைக்காதீர்கள். (சிரிப்பு) இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மேற்கே பார்த்துப் பெருமூச்சு விடுவேன்.

எல்லை தாண்டாமலே வாழ்கிறவர்களையும் நான் குறைவாக நினைக்கவில்லை. நாகர்கோவிலில் லண்டன் மிஷன்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அச்சுக்கூடம் வைத்த மாவட்டம் நம்முடையது. இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகை, கொடை நோட்டீஸ் அடிக்கிற சின்ன டிடிபி கடைகளுக்குள் போனால் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும். அதன் கடைசிப் பெரிய பதிப்பு 7.0, வந்தது 2001இல். மேக்கின் புதிய இயங்குதளத்துக்கு அது மாறவே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் கணினியின் பின்பக்கம் பிரின்டர் மாட்டுகிற துளையில் கட்டைவிரல் பருமனில் ஒரு பூட்டு செருகியிருப்பார்கள், டாங்கிள் என்று பெயர். அது இருந்தால்தான் தமிழ் எழுத்துருத் தொகுப்பு வாய் திறக்கும். புதுக் கணினியில் அந்தத் துளையே கிடையாது. அதனால் அந்த அக்கா பழைய கணினியைச் சாகவிடாமல் காப்பாற்றி வருகிறார். "யூனிகோடுக்கு மாறிடுங்கக்கா" என்றேன். "ஏன் தம்பி, 20 வருஷத்துப் பத்திரிகை எல்லாம் இதுல கெடக்கு. மூத்தவளுக்கு அடிச்ச டிசைன்லயே இளையவளுக்கும் வேணும்னு வருவாவ. அப்ப நீ வந்து அடிச்சுத் தருவியா?" என்றார். தொழில் அறிந்தவர் வாதம். ஆனால் அந்த டாங்கிள் ஒருநாள் செத்தால் 20 வருஷத்து அஞ்சுகிராமத்துக் கல்யாணங்கள் முழுக்க எம், கே, அரைப்புள்ளியாகிவிடும். மென்பொருள் எந்தச் சீமையிலும் ஓடிவிட்டுப் போகட்டும், உள்ளே இருக்கிற எழுத்து அந்தச் சீமைக்காரனாக இருக்கக் கூடாது. அக்காவிடம் இதைச் சொல்லி, மாதம் பத்துப் பத்திரிகையாவது மாற்றி எடுத்துவைப்போம் என்று பேசியிருக்கிறோம். இதுவரை மூன்று மாதத்தில் நாலு பத்திரிகை ஆகியிருக்கிறது.

சரி, பாட்டாவிடம் போவோம்.

எனக்கு ஒரு நப்பாசை. அச்சடித்த தாளில்தான் இசக்கிக்குத் தலை இல்லை, முதலில் அடித்த கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாட்டா வீட்டு மச்சில் தேடினோம். உடுக்கை, பழைய வீசுகோல், தகர டப்பா, அதற்குள் அந்த ஃபிளாப்பி. யுஎஸ்பியில் மாட்டுகிற ஃபிளாப்பி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். லினக்ஸ் கணினியில் மாட்டினால் கரகரவென்று சத்தம் போட்டு, கடவுள் புண்ணியம், படித்துவிட்டது. கோப்பை எழுத்தாக அல்ல, எண்ணாகத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு 'சக்கி'க்கு முன்னாலும் 173. 'ல்லை'க்கு முன்னால் 173. 'ரவு'க்கு முன்னால் 173. வலைப்பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டிய யாரோதான் வழியில் தொலைத்திருக்கிறார்கள், இங்கே ஒன்றுகூடத் தொலையவில்லை. ஓப்பன் தமிழ் என்ற நிரல் தொகுப்பை வைத்து நாலு வரி எழுதி யூனிகோடுக்கு மாற்றினேன், 173ஐ மட்டும் நானே தனியாகக் கவனித்துக்கொண்டேன். திரையைப் பாட்டா பக்கம் திருப்பினேன்.

பாட்டா ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் திரையில் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

"அப்ப அவ எங்கயும் போகலியா?"

"இல்ல பாட்டா. அங்கனயேதான் இருந்திருக்கா. நம்ம கண்ணுக்குத்தான் தெரியல."

"அது சரி" என்றார், இசக்கி விஷயத்தில் இது அவருக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதி மாதிரி. "எழுத்தக் கொஞ்சம் பெருசாப் போட்டு அடிச்சுக் குடு மக்கா."

அளவைப் பெரிதாக்கி அச்சுக்குக் கொடுத்தேன். பிரின்டர் அசையவில்லை. அந்தப் பிரின்டருக்கு லினக்ஸில் டிரைவர் கிடையாது. பென்டிரைவில் போட்டுக்கொண்டு, டாங்கிள் அக்கா கடைக்குப் போய், விண்டோஸில் அடித்து வந்துதான் கொடுத்தேன்.

அண்ணாச்சி, இனி டீ குடிக்கப் போகலாம். நானும் வாரேன்.